கம்ப்ரசரின் வாயைக் காத்தால் உயிரைக் காக்கலாம்
உழவரும் சங்கு குளிப்போரும் அறிய வேண்டிய பாதுகாப்பு முறைகள்

தூத்துக்குடி மாவட்டத்தில் கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தும் எந்திரம் இல்லாத ஊர் இன்று அரிது. துறைமுகச் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளுக்குக் காற்று அடிக்கும் கடைகளில் அது இருக்கிறது. ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் கிணற்றின் அடிப்பாறையைத் துளைக்க டிராக்டருடன் வந்து நிற்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடற்கரைக்குச் சென்றால், சங்கு குளிக்கப் போகும் வள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் அதே எந்திரத்தைக் காணலாம். அங்கே அது சக்கரத்திற்குக் காற்று கொடுப்பதில்லை. கடலடியில் இருக்கும் மனிதனின் மூச்சுக்குக் காற்று கொடுக்கிறது.

வேலைகள் வெவ்வேறானாலும் எந்திரம் ஒன்றே. அதைப் பற்றி முதலில் அறிய வேண்டிய உண்மையும் ஒன்றே. கம்ப்ரசர் காற்றை உண்டாக்குவதில்லை, தூய்மை செய்வதுமில்லை. தன் வாயருகே இருக்கும் காற்றை இழுத்து, நெருக்கி, மறுமுனையில் கொடுக்கிறது. வாயருகே தூசி இருந்தால் தூசியையும், புகை இருந்தால் புகையையும், உப்பு ஈரம் இருந்தால் அந்த ஈரத்தையும் சேர்த்தே நெருக்கித் தருகிறது. நம்மில் பலர் காற்று வெளிவரும் முனையைத்தான் கவனிக்கிறோம். காற்று உள்ளே போகும் வாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விபத்துகள் பலவற்றின் தொடக்கம் அங்கேதான்.

எந்திரம் வேலை செய்யும் விதம்

சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது, வடிகட்டி வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அக்காற்று நெருக்கப்பட்டு, வால்வைத் திறந்துகொண்டு தொட்டிக்குள் செல்கிறது. தொட்டியில் அழுத்தமானி, காப்பு வால்வு, அடியில் தண்ணீரை வடிக்கும் திருகு ஆகியவை இருக்கும். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமையைக் குறைக்கும் அமைப்போ இருக்கும்.

அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளக்கிறோம். கடைகளில் சுருக்கமாக 'ஏழு கிலோ காற்று' என்பார்கள். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 14 பவுண்டு.

காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். சைக்கிளுக்குக் காற்று அடித்தபின் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் காற்று 150 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதும் உண்டு. தரக்குறைவான எண்ணெயை ஊற்றினாலோ, குளிர்விக்கும் தகடுகளில் அழுக்கு அடைந்திருந்தாலோ சூடு மேலும் ஏறும். எண்ணெய் கருகி, வால்விலும் குழாயிலும் கரியாகப் படியும். அந்தக் கரி தீப்பற்றித் தொட்டிவரை பரவக்கூடும். கருகும் எண்ணெயிலிருந்து நச்சுக் காற்றும் உண்டாகும்.

தொட்டிக்குள் அடங்கியிருக்கும் விசை

நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சாதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பக்க மூடியின் பரப்பு ஏறக்குறைய 1,256 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஏழு கிலோ அழுத்தம் இருக்கும்போது அந்த மூடியை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 8,800 கிலோ. ஒரு லாரிச் சுமை அந்த மூடியின்மேல் சாய்ந்து நிற்பதற்கு இது சமம். தகடு உறுதியாக இருக்கும்வரை கவலையில்லை. துருவேறி மெலிந்தால் அந்தச் சுமை ஒரே கணத்தில் விடுபடும்.

துருவுக்குக் காரணம் தண்ணீர். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. வெப்பம் 30 டிகிரியாகவும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருக்கும் நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. அக்காற்றை ஏழு கிலோ அழுத்தத்திற்கு நெருக்கி ஆறவிட்டால், அதில் 20 கிராம் தண்ணீராகப் பிரிந்துவிடும். மணிக்கு 30 கன மீட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசரில், ஒரு மணி நேரத்திலேயே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். கடலோரத்திலும் உப்பளத்தின் அருகிலும் அதனுடன் உப்பும் சேர்கிறது. வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்த தொட்டியும் உள்ளே அடிப்பக்கம் அரித்துப்போயிருக்கலாம்.

ஆகவே தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை நாள்தோறும் வடிக்க வேண்டும். தொட்டியை ஆண்டுக்கொரு முறை தகுதி பெற்றவரிடம் காட்டுவது நல்லது. உறுதியைச் சோதிக்கும்போது தண்ணீரை நிரப்பித்தான் சோதிக்க வேண்டும். காற்றை ஏற்றிச் சோதிக்கக் கூடாது. தண்ணீர் சுருங்குவதில்லை. எனவே தகடு விரிந்தாலும் நீர் கசிவதோடு நின்றுவிடும். காற்றானால் தொட்டி வெடித்துச் சிதறும். அரித்த இடத்தில் ஒட்டு வைத்துப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அத்தகைய தொட்டியைக் கழித்துவிடுங்கள். தொழிற்சாலைகளில் உள்ள அழுத்தக் கலன்களுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 31ஆம் பிரிவில் பாதுகாப்பு விதிகளை வகுத்திருந்தது. வயலிலும் வள்ளத்திலும் அந்த அக்கறையை நாமேதான் காட்ட வேண்டும்.

நாள்தோறும் காலையில் பார்க்க வேண்டியவை

1. எந்திரம் நின்றிருக்கும்போது, சமதளத்தில் வைத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். தயாரித்தவர் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றுங்கள். பழைய எஞ்சின் ஆயில் கூடாது.

2. காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுங்கள். அதைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி ஈரத்துடன் மாட்டாதீர்கள். அந்த ஆவி சிலிண்டருக்குள் போய்த் தீப்பிடிக்கும். கழுவத்தக்க வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு காயவைத்த பின் மாட்டுங்கள்.

3. தொட்டியில் காற்று இல்லாதபோது அழுத்தமானியின் முள் சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள். நில்லாவிட்டால் அந்த மானி காட்டும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

4. காப்பு வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். சீறிக் காற்று வந்து, விட்டதும் நிற்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்று அந்த வால்வை முறுக்கி இறுக்குவதும், ஒழுகுகிறது என்று கட்டை செருகி அடைப்பதும் கூடவே கூடாது. எல்லாம் தவறிய பிறகு நம்மைக் காக்க நிற்பது அது ஒன்றுதான்.

5. பெல்ட்டின்மேல் கம்பிவலைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டி முனை, துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவை பெல்ட்டில் சிக்காமல் காப்பது அக்கூடுதான்.

6. காலித் தொட்டி ஏழு கிலோவிற்கு நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வழக்கமாக ஆறு நிமிடம் ஆனது பத்து நிமிடமானால், வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள்.

7. பழுது பார்க்கத் தொடங்குமுன் எந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, தொட்டியின் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

வயலிலும் கிணற்றிலும்

வேலை முடிந்ததும் உடம்பிலுள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இது ஆபத்தானது. வேகமான காற்று கண்ணைக் குருடாக்கும், செவிப்பறையைக் கிழிக்கும், சிறு காயத்தின் வழியே தோலுக்கடியில் புகுந்துவிடும். விளையாட்டாக உடலின் துவாரத்தருகே காற்றுக் குழாயைப் பிடித்ததால் குடல் கிழிந்து உயிர் போன நிகழ்வுகள் உண்டு. இதை இளைஞர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பொருள்களை ஊதித் துடைக்க இரண்டு கிலோவிற்குக் குறைந்த அழுத்தமே போதும். அப்போதும் கண்ணாடி அணிய வேண்டும்.

லாரி, டிரெய்லர் சக்கரங்கள் சிலவற்றில் இரும்பு வளையம் டயரைப் பிடித்திருக்கும். அது சரியாக உட்காராத நிலையில் காற்று ஏற்றினால் வளையம் பறந்துவந்து ஆளையே சாய்த்துவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ, சங்கிலியால் சுற்றிக் கட்டியோ காற்று ஏற்றுங்கள். சக்கரத்திற்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள்.

கிணற்றுப் பாறையைத் துளைக்கும்போது குழாயின் இணைப்பு கழன்றால் குழாய் பாம்புபோலச் சுழன்று அடிக்கும். இணைப்பின் இருபுறத்தையும் சிறு சங்கிலியால் பிணைத்துவிட்டால் இவ்விபத்தைத் தவிர்க்கலாம். வெடி வைத்தபின் புகை முற்றிலும் வெளியேறுமுன் எவரும் கிணற்றில் இறங்கக் கூடாது. காற்றுக் குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்கி நெடுநேரம் நல்ல காற்றைச் செலுத்துங்கள். அப்போது கம்ப்ரசரின் வாய் எஞ்சின் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் நல்ல காற்று என்று எண்ணி நச்சுப் புகையையே கிணற்றுக்குள் செலுத்துவோம்.

விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் கிணறு நல்லது என்று முடிவு செய்வது நெடுநாள் வழக்கம். மூச்சுக்குரிய பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு காட்டிக்கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை விளக்கு காட்டாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும், மனிதன் விழுந்துவிடுவான். ஆகவே ஓடும் டீசல் எஞ்சினையோ பெட்ரோல் பம்பையோ கிணற்றுக்குள் ஒருபோதும் இறக்காதீர்கள்.

கடலடிக்குப் போகும் காற்று

இனி, இவ்வெந்திரம் மிகப் பெரும் பொறுப்பை ஏற்கும் இடத்திற்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆனால் சங்கு குளித்தல் நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்கள் அணியும் வளையலுக்கு நம் கடற்சங்கே பெயர் பெற்றது. திரேஸ்புரம் முதலிய இடங்களில் இன்றும் பல குடும்பங்கள் சங்கை நம்பி வாழ்கின்றன.

முன்னாளில் குளியாளி ஒரே மூச்சில் இறங்கி, ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மேலே வந்துவிடுவார். பின்னாளில் எஞ்சினோடு பூட்டிய கம்ப்ரசரும், நீண்ட குழாயும் வந்தன. கடலடியில் மணிக்கணக்கில் தங்க முடிந்தது. வருமானம் கூடியது, ஆபத்தின் வகையும் மாறியது.

ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். டயருக்குக் காற்றடிக்கச் செய்த கம்ப்ரசர் மனிதன் மூச்சுவிடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. மூச்சுக் காற்றுக்கென்றே செய்த எந்திரமும், முறையான பயிற்சியுமே தக்க வழி. எம்முறையில் குளிக்க அனுமதி உண்டு என்பதையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும். கீழே கூறுபவை, கடலடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் எவரும், அவருக்கு மேலிருந்து காற்று அனுப்பும் எவரும் அறியாமல் இருக்கக் கூடாதவை.

எஞ்சின் புகை

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஒட்டிக்கொள்ளும் இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. மேலும் ஆழம் கூடக்கூட இதன் வேகமும் கூடும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் சேர்கிறது. பதினொரு பாகம், அதாவது 20 மீட்டர் ஆழத்தில், மேற்பரப்பில் உள்ளதைப்போல மூன்று மடங்கு அழுத்தம். மேலே தலைவலி மட்டும் தரும் அளவு நச்சு, அங்கே மும்மடங்காக வேலை செய்யும். கீழே இருக்கும்போது தெரியாமலிருந்து, மேலேறும் வழியில் நினைவு தப்புவதும் உண்டு.

நங்கூரமிட்ட வள்ளம் பெரும்பாலும் காற்றை எதிர்த்து நிற்கும். எனவே காற்று உறிஞ்சும் வாயை ஒரு குழாயால் நீட்டி, முன்பக்கமாகிய அணியத்தில் ஆள் உயரத்திற்கு மேல் நிறுத்துங்கள். புகைக் குழாயைப் பின்பக்கமாக வெளியே நீட்டுங்கள். இவ்வளவோடு விட்டுவிடாதீர்கள். நீரோட்டம் வள்ளத்தைத் திருப்பிவிடும். கச்சான் காற்றுக்குச் சரியாக இருந்த அமைப்பு வாடைக்குச் சரிவராது. காற்றே இல்லாமல் புழுக்கமாக இருக்கும் வேளையில் புகை வள்ளத்தைச் சுற்றியே தேங்கும். ஆதலால், கீழே ஆள் இருக்கும்வரை உறிஞ்சும் வாயின் அருகே புகை வருகிறதா என்று பார்ப்பதையே ஒருவர் தம் வேலையாகக் கொள்ள வேண்டும். அவர் மீன் பிடிப்பதோ உறங்குவதோ கூடாது. பக்கத்து வள்ளத்தின் புகையும் புகையே என்பதை மறக்க வேண்டாம்.

சிலர் கரி வடிகட்டி வைத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்கின்றனர். கரி எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் நீக்கும். கார்பன் மோனாக்சைடை நீக்காது. புகை நாற்றம் என்னும் எச்சரிக்கை போய்விட்டு, நச்சு மட்டும் தங்கிவிடும். வாயைக் காப்பதற்கு வடிகட்டி ஈடாகாது.

எஞ்சின் நின்றால் எத்தனை நிமிடம்?

வேலை செய்யும் மனிதனுக்கு நிமிடத்திற்கு ஏறக்குறைய 40 லிட்டர் காற்று வேண்டும். 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு நெருக்கமான காற்றைச் சுவாசிப்பதால் தேவை 120 லிட்டராகிறது. வள்ளத்தில் 100 லிட்டர் தொட்டி ஏழு கிலோ அழுத்தத்தில் இருப்பதாகக் கொள்வோம். அந்த ஆழத்தின் நீர் அழுத்தமே இரண்டு கிலோ. ஆகவே தொட்டி இரண்டு கிலோவிற்கு இறங்கியதும் காற்று கீழே போகாது. பயன்படுவது 500 லிட்டர் மட்டுமே. எஞ்சின் நின்றால் ஒருவருக்கு நான்கு நிமிடம். இருவர் கீழே இருந்தால் இரண்டே நிமிடம்.

எஞ்சின் நின்றவுடன் அதைப் பழுது பார்க்க உட்காரக் கூடாது. முதலில் கயிற்றை இழுத்து, மேலே வரும்படி சமிக்ஞை கொடுக்க வேண்டும். டீசல் இருப்பைக் குளியாளி இறங்குமுன் பார்க்க வேண்டும், இறங்கிய பின் அன்று.

குழாயின் குளியாளி முனையில் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். மேலே குழாய் அறுந்தால், ஆழத்து அழுத்தம் அவர் நெஞ்சிலுள்ள காற்றையே குழாய் வழியே மேலே உறிஞ்சிவிடும். இவ்வால்வு அதைத் தடுக்கும். குழாயை இடுப்பு வாரில் பிணைக்க வேண்டும். பல்லின் பிடியை மட்டும் நம்பக் கூடாது. குழாயின்மேல் நிற்பதும், சூடான எஞ்சினில் அது படுவதும் தவிர்க்கப்பட வேண்டும். ஆள் கீழே இருக்கும்போது வள்ளத்தின் விசிறியைச் சுழலவிடக் கூடாது.

மூச்சை அடக்காதீர்கள்

தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்த முதற்பாடம், மூச்சை அடக்கு என்பதே. ஒரே மூச்சில் குளிப்பவருக்கு அது உயிர்ப்பாடம். அவர் மேலே நிரப்பிய காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவிற்கே விரிகிறது. குழாய்க் காற்றைச் சுவாசிப்பவரின் நிலை வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அவர் நெஞ்சில் நிரப்பிய ஐந்து லிட்டர், மேற்பரப்பில் பத்து லிட்டராகும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் புகுந்து மூளையை அடையும். நிறைந்த நெஞ்சோடு ஒன்றரை மீட்டர் ஏறுவதே இதற்குப் போதும்.

பழக்கம் கையைவிட முந்தி வேலை செய்யும். காற்று நின்று திகைக்கும் அந்த நொடியில் கைதேர்ந்த குளியாளியும் பழைய பாடத்தின்படி மூச்சை அடக்கவே முற்படுவார். ஆகவே புதிய பாடத்தை நன்கு பழக வேண்டும். குழாய்க் காற்றைச் சுவாசித்தவர், எந்நிலையிலும், மேலேறும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும்.

நைட்ரஜன் செய்யும் கேடு

பயிருக்குத் தழைச்சத்தாக நாம் இடும் அதே நைட்ரஜன்தான் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது அது இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக்கூடக் கரைவதும் கூடும். விரைவாக மேலே வந்தால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குவதுபோல அது குமிழிகளாகப் பொங்கி மூட்டிலும் தண்டுவடத்திலும் அடைத்துக்கொள்ளும்.

உலகம் இந்நோயைப் பெரிய பாலங்களின் அடித்தளம் தோண்டியபோது கண்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை பார்த்து 1872இல் நோயுற்று முடங்கினார். பிரான்சின் பால் பெர், நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று 1878இல் விளக்கினார். இங்கிலாந்தில் ஹால்டேன் என்பவர் தம் குழுவினருடன் ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு மெதுவாக, எங்கெங்கே நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். இன்றைய அட்டவணைகள் அவ்வழியில் வளர்ந்தவையே.

அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் கையாண்ட அட்டவணைப்படி, இடையில் நில்லாமல் மேலேற வேண்டுமானால் கீழே தங்கத்தக்க நேரம் வருமாறு:

18 மீட்டர் (10 பாகம்): 60 நிமிடம்
24 மீட்டர் (13 பாகம்): 40 நிமிடம்
30 மீட்டர் (ஏறத்தாழ 17 பாகம்): 25 நிமிடம்

இது மேற்பரப்பை விட்டு இறங்கிய நொடியிலிருந்து அடியை விட்டுக் கிளம்பும் நொடிவரையுள்ள நேரம். அன்றைய முதற்குளிப்புக்கு மட்டுமே இது பொருந்தும். அடுத்த குளிப்புக்கு நேரம் வெகுவாகக் குறையும். ஏனெனில் முன்னர்க் கரைந்தது இன்னும் உடலில் இருக்கிறது. மேலேறும் வேகம் நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படக் கூடாது. ஆழமான இடத்தை முதலிலும் ஆழம் குறைந்த இடத்தைப் பின்னரும் குளிக்க வேண்டும். ஒவ்வொருவரும் இறங்கிய நேரம், ஏறிய நேரம், ஆழம் ஆகியவற்றை வள்ளத்தில் இருப்பவர் எழுதி வைக்க வேண்டும். சங்கின் கணக்கு எழுதும் அதே நோட்டில் இதையும் எழுதலாம்.

நோய் கண்டால் செய்ய வேண்டியவை

மேலே வந்தபின் மூட்டு வலி, தோலில் அரிப்பு, கால் மரத்தல், நடை தள்ளாட்டம், சிறுநீர் கழியாமை, நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அழுத்தக் காற்றால் வந்த நோய் என்றே கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்துத் தோன்றுவதும் உண்டு. அலுப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துப் படுக்க வைப்பது நேரத்தை வீணாக்கும். மது கொடுக்கக் கூடாது. மறுபடி கடலில் இறக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணி இறக்குவதும் கூடாது. உடல் தளர்ந்தவர் கீழேயே நினைவு தப்பலாம்.

நோயாளியை மட்டமாகப் படுக்க வையுங்கள். சிலிண்டர் இருந்தால் தூய பிராணவாயு கொடுங்கள். புகை தாக்கியவருக்கும் இதுவே முதலுதவி. நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். கடலில் இருந்தால் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழையுங்கள், கரையில் 108. மருத்துவரிடம், "கம்ப்ரசர் காற்றில் குளித்தவர், இத்தனை பாகம், இத்தனை நிமிடம், இத்தனை மணிக்கு மேலே வந்தார்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இந்நோய்க்கு உரிய சிகிச்சை, அழுத்த அறைக்குள் வைத்துப் பிராணவாயு கொடுத்து மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைப்பதாகும். அத்தகைய அறை அருகில் எங்கே இருக்கிறது என்பதை, குளிக்கும் பருவம் தொடங்குமுன்பே மருத்துவமனையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த பிறகு தேடத் தொடங்குவது காலங்கடந்த செயல்.

தனி ஒருவருக்குப் பிராணவாயு சிலிண்டரும் முகமூடியும் வாங்குவது சுமையாக இருக்கலாம். நான்கைந்து வள்ளத்தார் சேர்ந்தோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ வாங்கினால் சுமை குறையும். சிலிண்டர் கரையில் பூட்டிக் கிடக்காமல், கடலுக்குப் போகும் வள்ளங்களுள் ஒன்றில் இருக்க வேண்டும்.

உழவர் பெருமக்களே, மீனவ நண்பர்களே! கிணற்றின் அடியில் பாறை உடைப்பவரும் கடலின் அடியில் சங்கு தேடுபவரும் தம் உயிரை மேலே நிற்பவரிடம் ஒப்படைத்துவிட்டே இறங்குகின்றனர். மேலே நிற்பவர் கம்ப்ரசரைப் பட்டனைத் தட்டும் எந்திரமாக மட்டும் எண்ணாமல், அதன் வாயருகே புகை வராமல் காத்து, தொட்டியின் நீரை வடித்து, காப்பு வால்வைச் சோதித்து, நேரத்தைக் குறித்து வந்தால், இறங்கியவர் நலமே மேலே வருவார். நாளை எந்திரத்தை ஓட்டுமுன், காற்று வெளிவரும் முனைக்குப் போகாமல், காற்று உள்ளே போகும் வாயருகே ஒரு நிமிடம் நின்று நீங்களே மூச்சு இழுத்துப் பாருங்கள். அங்கே உங்களுக்கு ஆகாத காற்று கீழே இருப்பவருக்கும் ஆகாது.